வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவு குறைந்த செல்போன் ஏற்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் செல்போனைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. கட்டணத் தொகைகளைக் குறிப்பிடவில்லை. அவை நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறுபவை. எதை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது? எந்த சிம் வாங்கலாம் என்பதிலிருந்தா?

அது இரண்டாவது கேள்வி. உங்கள் போன் ஒரே சிம்மை வைத்துக்கொண்டு இரண்டு வேலைகளைச் செய்துவருகிறது. ஒன்று, நீங்கள் இன்னார் என்று காட்டும் எண்ணாக இருப்பது: வங்கியின் ஓடிபி வருவதும், தெரிந்தவர்கள் அழைப்பதும் அதில்தான். இன்னொன்று, இணையம் தருவது: வரைபடம், செய்தி, வாடகைக் கார், மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் ஓடுகின்றன. சொந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எல்லையைத் தாண்டியதும் விலை பிரிந்துவிடுகிறது. எண்ணை உயிரோடு வைத்திருக்க மிகக் குறைந்த செலவே ஆகும். அந்த எண் வழியாகவே இணையத்தையும் எடுக்கும்போதுதான் பில் ஏறுகிறது.

ஆகவே பழைய எண்ணை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் விழித்திருக்கச் செய்துவிட்டு, டேட்டாவைத் தனியாக, போகும் இடத்துக்கு ஏற்ப வாங்குவதே பெரும்பாலான பயணங்களுக்கு மலிவான ஏற்பாடு. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைப்பவைதான்.

என் போன் அந்த நாட்டில் வேலை செய்யுமா?

மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: அலைவரிசை, 4ஜி வழிக் குரல் அழைப்பு, லாக் (ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் ஓடும்படி போனைப் பூட்டியிருப்பது).

அலைவரிசையைப் பற்றி முன்பு போல அஞ்ச வேண்டியதில்லை. 2ஜி காலத்தில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகியவை 900, 1800 மெகாஹெர்ட்ஸையும், அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பகுதி 850, 1900 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தின. நான்கையும் பிடிக்கும் போன் இருந்தால் பெரும்பாலான நாடுகளில் பிழைத்துக்கொள்ளலாம். 4ஜியில் அலைவரிசைகள் பல மடங்கு பெருகிவிட்டன. போன்களும் அதற்கேற்பப் பலவற்றைப் பிடிக்கின்றன. விலை குறைந்த மாடல்களில் மட்டும் எண்ணிக்கை குறையும். அவை விற்கப்படும் நாட்டுக்குத் தேவையானவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் கிராமப்புறத்திலும் கட்டடங்களுக்கு உள்ளேயும் நன்றாக எட்டும் 600, 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் (12, 13, 71 என்ற எண்கள் கொண்டவை) பிற நாட்டுச் சந்தைக்கான மலிவு போன்களில் பல நேரம் இருப்பதில்லை. போன் வேலை செய்யாது என்பதல்ல. நகரத்தில் நன்றாக இருந்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் சிக்னல் காணாமல் போகும். ஐரோப்பாவில் 3, 7, 20 என்ற எண்கள் கொண்ட மூன்று அலைவரிசைகளும் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். போனின் முழு மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாடல் எண்களில் விற்பது வழக்கம்.

இன்று அதிகம் காலை வாருவது இரண்டாவது விஷயம். பல நாடுகள் 3ஜியை மூடிவிட்டன. ஜெர்மனியில் 2021-இல் மூடினார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-இல் மூடின. ஆஸ்திரேலியா, தைவான், சிங்கப்பூர் ஆகியவை 2024-இல் மூடின. ஜெர்மனியில் 2ஜியாவது மிச்சமிருக்கிறது. ஆஸ்திரேலியா, தைவான், சிங்கப்பூரில் அதுவும் இல்லை. அங்கெல்லாம் குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். போனின் அமைப்புகளில் இந்த வசதி ‘வோல்ட்இ’ என்ற பெயரில் இருக்கும். போனில் வசதி இருந்தாலும் அந்நாட்டு நிறுவனம் உங்கள் மாடலை ஏற்காவிட்டால் டேட்டா ஓடும், அழைப்பு போகாது. ஆஸ்திரேலியாவில் இன்னும் கண்டிப்பு: அவசர எண்ணை 4ஜியில் அழைக்க முடியாத போன்களுக்கு நிறுவனங்கள் சேவை தரக் கூடாது என்பது விதி. உள்ளூர் சிம்மைப் போட்ட சிறிது நேரத்தில் போன் முடக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) உள்ளிட்டுச் சரிபார்க்க இடம் தருகின்றன. கிளம்பும் முன் அங்கே பார்த்துவிடுவது நல்லது.

போன் லாக் செய்யப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொரு நிறுவனத்தின் சிம்மை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அழைப்பு போனால் லாக் இல்லை. ஐபோனில் ‘அமைப்புகள்’ உள்ளே, போனைப் பற்றிய பக்கத்தில் சிம் கட்டுப்பாடு ஏதும் இல்லை என்று எழுதியிருக்கும். மொத்தப் பணம் கொடுத்து வெளிச்சந்தையில் வாங்கிய போனில் பெரும்பாலும் லாக் இருக்காது. நிறுவனத்திடம் தவணையில் வாங்கியதில்தான் ஐயம். கனடாவில் 2017 டிசம்பரிலும், ஜப்பானில் 2021 அக்டோபரிலும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலும் லாக் செய்து விற்பதற்குத் தடை வந்தது. அமெரிக்காவில் வழக்கம் தொடர்கிறது. தவணை முடிந்திருந்தால் நிறுவனமே திறந்து தரும். ஆனால் அதற்குச் சில நாட்கள் ஆகலாம் என்பதால் விமான நிலையத்திலிருந்து கேட்கும் வேலையாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய பட்டன் போன் ஒன்று இருக்கிறது. பேச மட்டும் அது போதாதா?

போகிற நாட்டில் 2ஜி இருந்தால் போதும். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் பிற நாடுகளில் பரவலான ஜிஎஸ்எம் வகை 2ஜி எப்போதுமே இருந்ததில்லை. மேலே சொன்ன நாடுகள் பலவற்றில் இப்போது இல்லை. 4ஜி பட்டன் போன்கள் விற்கிறார்கள் என்றாலும் அவற்றில் அலைவரிசைகள் குறைவு. என்னைக் கேட்டால் பட்டன் போனுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஓரளவு டேட்டாவே வாங்கிவிடலாம். பயணத்தில் பேசுவதைவிட வழி பார்ப்பதற்குத்தான் போன் அதிகம் தேவைப்படுகிறது.

ரோமிங், உள்ளூர் சிம், இ-சிம்: எது மலிவு?

ரோமிங் என்பது வீட்டு சிம்மையே வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவது; இ-சிம் என்பது கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம். நாட்களின் எண்ணிக்கை, நாடுகளின் எண்ணிக்கை, டேட்டாவின் அளவு ஆகிய மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ‘எது நல்லது’ என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தமக்கு ஒத்துவந்ததைச் சொல்வார்கள்.

இரண்டு மூன்று நாள் அலுவல் பயணம் என்றால் உங்கள் நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும். நாள் கணக்கில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், அலைச்சல் இல்லை. எண்ணும் இணையமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பேக் போடாமல் ரோமிங்கை இயக்குவதுதான் ஆபத்து. அப்போது எம்பி கணக்கில் பில் ஓடும். அந்தக் கட்டணத்துக்கும் பேக் கட்டணத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரே நாட்டில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு உள்ளூர் ப்ரீபெய்டு சிம் கிட்டத்தட்ட எப்போதும் மலிவு. அந்த ஊர் மக்கள் கொடுக்கும் விலைக்கே டேட்டா கிடைக்கும். உள்ளூர் எண்ணும் வரும் என்பதால் வாடகைக் கார் ஓட்டுநரும் விடுதிக்காரரும் தயங்காமல் அழைப்பார்கள். நேரமும் அடையாளச் சான்றும்தான் இதன் விலை. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பிரிட்டனில் பெயர்கூடக் கேட்காமல் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஜப்பானில் பயணிகளுக்கென்று விற்கும் சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டுமே. குரல் எண் வேண்டுமென்றால் அடையாளச் சரிபார்ப்பு உண்டு.

பல நாடுகளைத் தொட்டுப் போகிறவர்களுக்கு இ-சிம் பொருந்தும். ஒரே வட்டாரத் திட்டம் பல நாடுகளில் ஓடும். ஒவ்வொரு எல்லையிலும் சிம்மைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. ஒரு ஜிபிக்கான விலை உள்ளூர் சிம்மைவிடக் கூடுதலாகவும் ரோமிங்கைவிடக் குறைவாகவும் இருப்பது வழக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு தனிக்கதை. 2017 ஜூன் 15 முதல், ஒன்றிய நாடு ஒன்றில் எடுத்த இணைப்பை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இந்த விதியை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடக்கம். நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், இறங்கும் முதல் நாட்டில் ப்ரீபெய்டு சிம் வாங்கினால் மற்ற நாடுகளுக்கும் பயன்படும். வெளிநாட்டில் செலவிடக்கூடிய டேட்டாவுக்கு நியாயப் பயன்பாட்டு வரம்பு இருக்கலாம். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த விதிக்குள் வருவதில்லை. பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் போகிறவர்கள் பலருக்கு இது நினைவுக்கு வருவது பில்லைப் பார்த்த பிறகுதான்.

இ-சிம் என் போனில் ஓடுமா?

போனில் \*#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு ‘இஐடி’ என்ற நீண்ட எண்ணும் வந்தால் இ-சிம் வசதி இருக்கிறது. ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14-ஆவது தலைமுறையிலிருந்து சிம் கார்டு போடும் இடமே கிடையாது. அப்படிப்பட்ட போனை மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு, கார்டாக மட்டும் சிம் விற்கும் ஊரில் வழியில்லை. சீனாவின் பெருநிலப்பகுதியில் விற்ற ஐபோன்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: இரண்டு கார்டுகள் போடலாம், இ-சிம் கிடையாது. ஆண்ட்ராய்டில் ஒரே பெயருள்ள மாடலில்கூட ஒரு நாட்டுப் பதிப்பில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. விற்பனையாளர் சொல்வதைவிட \*#06#-ஐ நம்புங்கள்.

இ-சிம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நிறுவும்போது இணையம் தேவை என்பதால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். அதற்கு முன், செல்லுபடிக் காலம் எப்போது தொடங்குகிறது என்று படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் நிறுவிய கணத்திலிருந்தும், சிலவற்றில் அங்குள்ள நெட்வொர்க்கில் முதன்முதலாக இணைந்ததிலிருந்தும் நாள் எண்ணப்படும். கியூஆர் குறியீட்டை அதே போனின் திரையில் வைத்து ஸ்கேன் செய்ய முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. அதை இன்னொரு கருவியில் திறக்கலாம் அல்லது கூடவே தரப்படும் எழுத்துக் குறியீட்டை உள்ளிடலாம்.

பயணத்தின் நடுவே நெட்வொர்க் சரியில்லை என்று இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி நிறுவ முயலாதீர்கள். பல குறியீடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். போனை அணைத்துப் போடுங்கள். அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் இயங்குகிறதா என்று பாருங்கள். ஏபிஎன் அமைப்பை (சிம் எந்த வழியாக இணையத்தில் இணைய வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர்) சரிபாருங்கள். பயண இ-சிம்களில் பல, வேறொரு நாட்டு நிறுவனத்தின் இணைப்பை ரோமிங்கில் தருபவை. ஆகவே அந்த சிம்முக்கு மட்டும் ரோமிங் இயக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ‘ரோமிங்கைத் தொடாதே’ என்று வீட்டில் கேட்ட அறிவுரையை இரண்டு சிம்முக்கும் பின்பற்றிவிட்டு, இணையம் வரவில்லை என்று புலம்புவது அடிக்கடி நடப்பது.

இதே காரணத்தால் சில நேரம் தரவு சுற்றுவழியில் போகும். பக்கம் திறக்கச் சற்றுத் தாமதமாகும். நீங்கள் இருக்கும் நாட்டுக்குப் பதிலாக வேறொரு நாட்டைத் தளங்கள் காட்டக்கூடும். பெரும்பாலானவற்றில் தொலைபேசி எண்ணும் கிடையாது; டேட்டா மட்டும்தான்.

‘அன்லிமிடெட்’ என்று போட்டிருக்கிறதே, அதை வாங்கிவிடலாமா?

ஒரு நாளைக்கு இத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்ற வரி கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அந்தக் குறைந்த வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் எழுத்துச் செய்தி போகும்; வரைபடம் திக்கித் திணறும்; காணொலியை மறந்துவிடலாம். ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

வெளிநாட்டில் வங்கி ஓடிபி எப்படி வரும்?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் முக்கியமான கேள்வி. டேட்டா கிடைக்காவிட்டால் ஒரு காபிக் கடையைத் தேடினால் போதும். ஓடிபி வராவிட்டால் அட்டையும் பணமும் இருந்தும் இல்லாத நிலைதான்.

பழைய சிம் போனிலேயே இருக்க வேண்டும், அதில் ரோமிங் சேவை இயங்க வேண்டும். டேட்டா ரோமிங் வேறு, ரோமிங் சேவை வேறு. முன்னதை அணைத்துவிட்டுப் பின்னதை மட்டும் இயக்கத்தில் வைக்கலாம். அப்போது அங்குள்ள நெட்வொர்க்கில் உங்கள் எண் பதிவாகும், குறுஞ்செய்தி வரும். பெரும்பாலான நிறுவனங்களில் குறுஞ்செய்தியைப் பெறக் கட்டணமில்லை, அனுப்பினால் உண்டு, வரும் அழைப்பை எடுத்தாலும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் ப்ரீபெய்டு எண்களுக்கு ரோமிங்கைத் தனியே இயக்கித் தர வேண்டியிருக்கும். சில இடங்களில் குறைந்தபட்ச பேக் ஒன்று போட்டால்தான் எண் பதிவாகும். நாட்டை விட்டு வெளியேறிய பிறகு இதைச் செய்வது கடினம், ஏனென்றால் அதை உறுதிப்படுத்துவதற்கே ஓடிபி கேட்பார்கள்!

இரண்டு சிம் போடும் போனின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். ஒன்றில் வீட்டு எண், மற்றொன்றில் பயண டேட்டா. ஒற்றை சிம் போன் வைத்திருப்பவர்கள் பழைய போன் ஒன்றில் வீட்டு சிம்மைப் போட்டு எடுத்துச் செல்லலாம்.

குறுஞ்செய்தியை நம்பியிருப்பதைக் குறைப்பதும் நல்லது. மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளுக்கு அங்கீகாரச் செயலியை அமைத்துவிட்டால், முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் குறியீட்டைப் போனே கணக்கிட்டுத் தரும். அதற்கு நெட்வொர்க்கே வேண்டாம். செயலி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய அந்தக் கணக்குகள் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் போனில்லாத பையில் வையுங்கள்.

வைஃபை அழைப்பு வசதியும் கைகொடுக்கும். நிறுவனம் அனுமதித்தால் விடுதி வைஃபை வழியாகவே வீட்டு எண்ணில் பேசலாம், குறுஞ்செய்தியும் பெறலாம். புதிய போன்கள் சிலவற்றில் ஒரு சிம்மின் டேட்டா வழியாக மற்ற சிம்மின் அழைப்பு வரும் வசதியும் உண்டு. ஆனால் சில நிறுவனங்கள் வெளிநாட்டில் வைஃபை அழைப்பைத் தடுத்துவிடுகின்றன, சில ரோமிங் கட்டணம் போடுகின்றன.

சிம்மை மாற்றினால் வாட்ஸ்அப் போய்விடுமா?

போகாது. எண்ணைச் சரிபார்ப்பது பொதுவாகப் பதிவு செய்யும்போதுதான். புதிய சிம்மைப் பார்த்து ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயணத்தின்போது செயலியை நீக்குவதும் புதிய போனில் ஏற்றுவதும் மட்டும் கூடாது. அப்போது மீண்டும் சரிபார்ப்புக் குறியீடு தேவைப்படும்.

எவ்வளவு டேட்டா வாங்குவது?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உங்கள் போனின் அமைப்புகளில் கடந்த மாதம் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்ற கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஜிபி எண்ணிக்கையை ஊகிப்பதில் பொருளில்லை. எழுத்துச் செய்தி, வரைபடம், குரல் அழைப்பு ஆகியவை மிகக் குறைவாகவே எடுக்கும். எடை எல்லாம் காணொலியில்தான். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் மணிக்கு ஒரு ஜிபி வரை, உயர்தரத்தில் மூன்று ஜிபி வரை ஆகும். குறும் காணொலிகளை விரலால் தள்ளிக்கொண்டே போவதும் இதே இனம்தான். கணக்குத் தெரியாமல் போவது அதில்தான் அதிகம்.

நீங்கள் கேட்காமலே செலவழிப்பவையும் இருக்கின்றன: படங்களை இணையத்திலுள்ள மேகக் கிடங்கில் (கிளவுட்) தானாக ஏற்றுவது, செயலிகளின் புதுப்பிப்பு, வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொலிகள் தாமாக இறங்குவது. மூன்றையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். நகரத்தின் வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக் கோப்பையும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் சுற்றுலாப் பயணிக்கு ஆகும் டேட்டா வியக்கும்படி குறைந்துவிடும்.

டேட்டா ரோமிங்கை அணைத்தேன். இருந்தும் பில் வருகிறதே?

வழக்கமான குற்றவாளிகள் சிலர் இருக்கிறார்கள்.

குரலஞ்சல் முதலில். வெளிநாட்டில் இருக்கும்போது யாரோ அழைக்கிறார்கள், நீங்கள் எடுக்கவில்லை. அழைப்பு உங்கள் போன் வரை வந்துவிட்டதால், அது மறுபடி சொந்த நாட்டிலுள்ள குரலஞ்சல் பெட்டிக்குத் திருப்பிவிடப்படுகிறது. வந்த பயணத்துக்கும் திரும்பிய பயணத்துக்கும் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. கிளம்பும் முன் ##002# என்று அழைத்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் எல்லாத் திருப்புதல்களும் ரத்தாகும்.

அடுத்தது இரண்டு சிம் போன்களில் இருக்கும் ஓர் உதவிகரமான வசதி: ஒரு சிம்மில் சிக்னல் மங்கினால் மற்றொன்றின் டேட்டாவுக்குத் தானாகத் தாவுவது. ஊரில் இருக்கும்போது நல்லது. வெளிநாட்டில், வீட்டு சிம்மில் டேட்டா ரோமிங்கும் தவறி இயங்கிவிட்டால், விலை உயர்ந்தது. அணைத்துவிடுங்கள்.

விமானத்திலும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாகச் சிறு செல்போன் நிலையங்கள் இயங்குகின்றன. போன் அவற்றையும் சாதாரண நெட்வொர்க் போலவே பிடித்துக்கொள்ளும். உங்கள் ரோமிங் பேக் பெரும்பாலும் இவற்றுக்குச் செல்லாது. கரையை விட்டதும் விமானப் பயன்முறை, பிறகு வேண்டுமானால் வைஃபை. எல்லையோர ஊர்களிலும் இப்படித்தான்: ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் சிக்னல் வலுவாக இருந்தால் போன் அதை எடுத்துக்கொள்ளும். அங்கே நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து எடுத்து, கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

விமான நிலையத்தில் சிம் வாங்கலாமா?

வாங்கலாம், நகரத்தைவிட விலை கூடுதலாக இருக்கும். பயணிகளுக்கென்று பெரிய பேக் ஒன்றை மட்டும் விற்பார்கள். நிலையத்தின் இலவச வைஃபையில் வழியைப் பார்த்துக்கொண்டு விடுதிக்குப் போய், மறுநாள் நகரத்திலுள்ள நிறுவனக் கடையில் வாங்குவது சிக்கனம். நள்ளிரவில் குழந்தைகளோடு இறங்குகிறவர்கள் அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம். எங்கே வாங்கினாலும், கடையை விட்டு நகரும் முன் வைஃபையை அணைத்துவிட்டு இணையம் ஓடுகிறதா என்று பாருங்கள். சிம்மின் அட்டையையும் தூக்கி எறியாதீர்கள். சிம்மின் ரகசிய எண்ணை (PIN) மூன்று முறை தவறாக அழுத்தினால், பூட்டிய சிம்மைத் திறக்கக் கேட்கப்படும் பியுகே எண் அதில்தான் அச்சிடப்பட்டிருக்கும்.

குடும்பமாகப் போகிறோம். ஆளுக்கொரு சிம் வேண்டுமா?

சேர்ந்தே சுற்றுவதென்றால் ஒருவர் பெரிய பேக் வாங்கி ஹாட்ஸ்பாட்டில் பகிரலாம். அந்தப் போனின் பேட்டரி வேகமாகக் கரையும் என்பதால் பவர் பேங்க் துணைக்கு வேண்டும். மடிக்கணினிகளோடு போகும் குழுவுக்கு வாடகைக்குக் கிடைக்கும் கையடக்க வைஃபை கருவி ஒத்துவரும். ஆனால் அது ஒருவர் பையில்தான் இருக்கும். அவர் வேறு ரயில் பெட்டியில் ஏறிவிட்டால் மற்றவர்களுக்கு இணையம் இல்லை. குறைந்தது இரண்டு பேரிடமாவது தனித்தனியாக டேட்டா இருக்கட்டும், வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. முதியவர்களின் போனில் தலையிடாமல், ரோமிங் பேக்கையே போட்டுக் கொடுத்துவிடுவது என் பரிந்துரை. சற்றுச் செலவு கூடும். அவர்கள் பழகிய எண், பழகிய திரை அப்படியே இருக்கும்.

இலவச வைஃபையை மட்டும் நம்பிப் போகலாமா?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். வழி தவறும் இடத்தில்தான் வைஃபை இருக்காது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உள்ளூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித்தான் உள்ளே விடும் வைஃபைகளும் உண்டு.

சில நாடுகளில் வாட்ஸ்அப் அழைப்பே போகாது என்கிறார்களே?

உண்மைதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், அழைப்பு போகாது. அங்கே அனுமதி பெற்ற வேறு செயலிகள் இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்களின் போனிலும் அவற்றை முன்பே ஏற்றி வைக்க வேண்டும். சீனாவில் கூகுள் சேவைகள், வாட்ஸ்அப் எல்லாமே தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் தரவு அந்த சிம்மின் நாட்டு நெட்வொர்க் வழியாகப் போவதால் பொதுவாக இந்தத் தடை அதைத் தொடாது. அதனால் சீனாவுக்கு மட்டும் என் கணக்கு மாறுகிறது: உள்ளூர் சிம் மலிவாக இருந்தாலும் ரோமிங்கோ பயண இ-சிம்மோதான் வசதி. விடுதி வைஃபையில் இணைந்ததும் தடை மறுபடி வந்துவிடும்.

படிக்கவோ வேலைக்கோ பல மாதங்கள் தங்கப் போகிறேன். வேறு ஏதாவது உண்டா?

சில நாடுகளில் போனையே பதிவு செய்ய வேண்டும். துருக்கியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனில் உள்ளூர் சிம்மை 120 நாட்களுக்குத்தான் பயன்படுத்த முடியும். பிறகு கட்டணம் கட்டி ஐஎம்இஐ எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். அந்தக் கட்டணம் மலிவு போனின் விலையையே தாண்டக்கூடும். அப்படிப்பட்ட நிலையில் அங்கேயே ஒரு சாதாரண போன் வாங்குவது புத்திசாலித்தனம். பாகிஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் இத்தகைய பதிவு முறை இருக்கிறது. ரோமிங்கில் இயங்கும் வெளிநாட்டு சிம்முக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வீட்டு எண் காலாவதியாகாமல் இருக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் தேவை என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கைவிடப்பட்ட எண்ணை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்; உங்கள் ஓடிபிகள் அவருக்குப் போகத் தொடங்கும்.

பயணத்துக்கென்று மலிவான இரண்டாவது போன் வாங்குவது தேவையா?

இப்போதைய போன் லாக் ஆகியிருந்தாலோ, ஒற்றை சிம்மாக இருந்தாலோ தேவைப்படலாம். வாங்குவதானால் கேமராவைப் பார்க்காதீர்கள். இரண்டு சிம், அதில் ஒன்று இ-சிம்மாக இருந்தால் நலம். 4ஜி அலைவரிசைகள் நிறைய. ஒரு நாள் தாங்கும் பேட்டரி. 5ஜி இல்லாவிட்டாலும் எதுவும் குறைந்துவிடாது.

போன் தொலைந்துவிட்டால்?

முதலில் வீட்டு சிம்மை முடக்கச் சொல்லுங்கள், போனைத் தேடுவது அதற்குப் பிறகு. எடுத்தவர் சிம்மை வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான். சிம்முக்கு ரகசிய எண் (PIN) வைத்திருந்தால் இந்த வழி அடைபடும். கிளம்பும் முன் வைத்துவிடுங்கள். ஐஎம்இஐ எண், நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண், வங்கியின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் கணக்கில் நுழைய அந்தப் போனுக்கே குறியீடு வரும்படி அமைத்திருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். அப்படி இருந்தால் உடன் வருபவரின் எண்ணையோ வீட்டில் இருப்பவரின் எண்ணையோ மாற்றாகச் சேர்த்துவிடுங்கள்.